ஜீரோ விமான மாடல் கட்டி வண்ணம் தீட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜீரோ என்பது இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியக் கடற்படை பறக்கவிட்ட போர் விமானம். என்னுடைய முதல் ஜீரோவுக்கு மேல்பக்கம் முழுக்கக் கரும்பச்சை அடித்தேன். ஜப்பானிய அடையாளமான சிவப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம். வால் பக்கம் அகாகி என்ற விமானந்தாங்கிக் கப்பலின் ஒற்றைச் சிவப்புப் பட்டை. அலமாரியில் வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது: ஜீரோக்களுக்கு அந்தக் கரும்பச்சை பரவலாக வந்தது 1943-ல். அகாகியோ 1942 ஜூனிலேயே பசிபிக் கடலில் மிட்வே தீவுக்கு அருகே மூழ்கிவிட்டது. கடலுக்கடியில் கிடக்கிற கப்பலுக்கு நான் விமானம் கட்டிக் கொடுத்திருந்தேன்.

அதனால் பசை பாட்டிலைத் திறக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள்? எந்தக் கப்பல் அல்லது படைப்பிரிவு? எந்தத் தொழிற்சாலை? இரண்டாம் உலகப்போர் கால ஜப்பானிய மாடல்களில் இந்த மூன்றும் முடிவாகிவிட்டால் நிறம், வட்டம், பட்டை, எவ்வளவு அழுக்குப் பூசலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். முடிவாகாவிட்டால் என் முதல் ஜீரோ மாதிரிதான்.

முதலில் ஒரு நாள்

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்ட நாள் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக 36 ஜீரோக்கள் வந்தன. நான்கு நாள் கழித்து ஏப்ரல் 9-ல் திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. நம் பக்கத்துக் கடலில் பறந்த விமானம் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி ஈர்ப்பு. பேர்ல் ஹார்பர் ஜீரோவை உலகமே கட்டுகிறது, கொழும்பு ஜீரோவைக் கட்டுபவர்கள் குறைவு.

நாள் முடிவானதும் மற்றவை வரிசையாக வந்து விழும். அந்த ஐந்து கப்பல்கள் அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுயிகாகு. காகா அப்போது பழுதுபார்க்க ஜப்பான் திரும்பிவிட்டது. ஆகவே காகாவின் இரட்டைச் சிவப்புப் பட்டை இந்த மாடலுக்கு ஆகாது. அகாகிக்கு ஒரு சிவப்புப் பட்டை, சோர்யுவுக்கு ஒரு நீலம், ஹிர்யுவுக்கு இரண்டு நீலம், ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, சுயிகாகுவுக்கு இரண்டு வெள்ளை. பின் உடலைச் சுற்றி வரும் இந்தப் பட்டைதான் கப்பலின் முகவரி.

விமானத்தின் பெயரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. 1940-ல் கடற்படை இதை ஏற்றுக்கொண்டது. ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கில் அது 2600. கடைசி இலக்கம் பூஜ்யம், அதனால் ஜீரோ. மிட்சுபிஷியில் ஜிரோ ஹோரிகோஷி தலைமையில் வடிவமைத்தார்கள். கொழும்புக்கு வந்தது ஏ6எம்2, அதாவது மாடல் 21. இந்த 21-ஐ இருபத்தொன்று என்று எண்ணாக வாசிக்காதீர்கள். முதல் இலக்கம் உடலமைப்பின் வகை, இரண்டாவது இலக்கம் எஞ்சினின் வகை. கப்பலின் லிஃப்ட்டில் இடிக்காமல் இருக்க இறக்கை நுனியில் அரை மீட்டர் மடங்கும்படி செய்தார்கள், உடலமைப்பு எண் இரண்டானது.

பெட்டி வாங்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள். மாடல் 52 என்று போட்டிருந்தால் அது 1943-ல் வந்த வண்டி. இறக்கை குட்டை, எஞ்சின் மூடிக்குப் பின்னால் தனித்தனிப் புகைக்குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு திறமையாக வண்ணம் அடித்தாலும் அது கொழும்புக்கு வந்த விமானம் ஆகாது.

தொழிற்சாலைக் கேள்விக்கும் இங்கே சுலபமாகப் பதில் கிடைக்கிறது. நாகஜிமா நிறுவனம் ஜீரோ கட்டத் தொடங்கியதே 1941 கடைசியில்தான். ஏப்ரல் 1942-ல் கப்பல்களில் இருந்தவற்றை மிட்சுபிஷி தயாரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நாகஜிமா கட்டிய சாம்பல் ஜீரோக்களில் உடல் பக்கத்து வட்டத்துக்கு வெள்ளை விளிம்பு இருக்கும். மிட்சுபிஷியில் வெறும் சிவப்பு வட்டம் மட்டும்.

எந்த அளவு, எந்தக் கிட்

நிஜ விமானத்தின் இறக்கை 12 மீட்டர். 1/72 அளவில் அது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர், 1/48-ல் சரியாக 25, 1/32-ல் 37 சென்டிமீட்டருக்கு மேல். முதல் மாடல் என்றால் தமியா நிறுவனத்தின் 1/72 ஏ6எம்2 கிட்டை, அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியை எடுங்கள். பாகங்கள் ஒன்றோடொன்று உட்காருவதைப் பார்த்தாலே இந்தப் பொழுதுபோக்கின் மேல் ஆசை வந்துவிடும். காக்பிட்டில், அதாவது விமானி உட்காரும் அறையில், நேரம் செலவழிக்க ஆசை என்றால் 1/48. அதில் எடுவார்ட் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கிட்டில் ஒவ்வொரு ரிவிட்டும் தெரியும். தமியாவின் பழைய 1/48 அச்சு 1970-களைச் சேர்ந்தது. மலிவு என்று வாங்கிவிட்டுப் புதிய கிட்டின் நுணுக்கத்தை அதில் தேடாதீர்கள்.

மேசைக்கு வேண்டியவை

பெரிய பட்டியல் வேண்டாம். நல்ல நிப்பர் ஒன்று. மருந்துக்கடையில் கிடைக்கும் 11-ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடு, அதற்கான கைப்பிடி. 400, 600, 1000, 2000 உப்புத்தாள். மெல்லிய பிளாஸ்டிக் பசை, அதாவது தூரிகை மூடியோடு தண்ணீர் மாதிரி ஓடுகிற வகை. பட்டி ஒரு டியூப். மாடலுக்கென்றே வரும் மாஸ்கிங் டேப். பல்குச்சி, துணி கிளிப், காது குடையும் பஞ்சுக் குச்சி, பழைய டூத் பிரஷ் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். சின்ன இடுக்கி ஒன்றுக்கு மட்டும் தயங்காமல் காசு கொடுங்கள். மலிவு இடுக்கியின் நுனி பாகத்தைத் தெறிக்க விடும், அப்புறம் மாலை முழுக்கத் தரையில் தவழ வேண்டியதுதான்.

காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் கட்டாயம் இல்லை. ஆனால் ஜீரோ மாதிரி ஒரே நிறத்தில் வழவழப்பாக இருக்கும் விமானத்துக்கு அது செய்யும் உதவி பெரிது. இல்லாதவர்கள் ஸ்ப்ரே கேன் வாங்கலாம். நமக்கு வேண்டிய பச்சை கலந்த சாம்பலே தமியாவின் ஏஎஸ்-29 கேனில் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடை என்சி தின்னரைப் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுவராதீர்கள். நான் ஒருமுறை அவசரத்துக்கு அதைத் தொட்டு ஒரு இறக்கையைத் துடைத்தேன். பஞ்சு ஒட்டிக்கொண்டது, தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் பாகாகி மறைந்தன. ஏர்பிரஷ் கழுவ மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு.

வெட்டுவது, தேய்ப்பது

பாகங்கள் கோத்திருக்கும் சட்டத்தை ஸ்ப்ரூ என்பார்கள். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஸ்ப்ரூக்களைக் கழுவி நிழலில் காய வையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டக் கூடாது. முதல் வெட்டு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி. இரண்டாவது வெட்டில் மிச்சத்தைக் குறைத்து, கடைசித் துணுக்கைப் பிளேடால் சீவி, 600 தாளால் ஒரு தேய். ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளையாகப் புண்ணாகும். அந்தக் குழி பெயின்ட்டுக்கு அடியில்கூடத் தெரியும்.

எல்லாப் பாகங்களையும் முதலிலேயே வெட்டிக் குவிக்க வேண்டாம். எண் ஸ்ப்ரூவில்தான் இருக்கிறது. வெட்டிவிட்டால் எது எதுவென்று சத்தியமாகத் தெரியாது.

காக்பிட்

ஜீரோவின் கேனோபி, அதாவது காக்பிட்டின் கண்ணாடி மூடி, பெரியது, ஜன்னல் ஜன்னலாக நிறையக் கண்ணாடி. உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஆகவே இங்கே அவசரப்படாதீர்கள்.

மிட்சுபிஷிக்கும் நாகஜிமாவுக்கும் உள்பச்சையில் சின்ன வித்தியாசம் உண்டு. தமியாவின் எக்ஸ்எஃப்-71 கடற்படைக் காக்பிட் பச்சைக்கென்றே வருவது, நமக்கு அது போதும். அது காய்ந்ததும் அதே பச்சையில் துளி மஞ்சளும் வெள்ளையும் கலந்து, தூரிகையைத் துணியில் துடைத்துக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் விளிம்புகள் மேல் தடவுங்கள். பிறகு கருப்பு-பழுப்பு வாஷை, அதாவது நன்றாக நீர்த்த எண்ணெய் வண்ணத்தை, மூலைகளில் விடுங்கள். மேடு வெளுத்துப் பள்ளம் கறுக்கும்போது தட்டையாக இருந்த பிளாஸ்டிக்குக்கு ஆழம் வரும்.

விமானி முகத்துக்கு முன்னால் இருபுறமும் நீட்டிக்கொண்டிருப்பவை இரண்டு 7.7 மில்லிமீட்டர் எந்திரத் துப்பாக்கிகளின் பின்பாகங்கள். கருப்பு அடித்து, பென்சில் கரியை விரலில் தொட்டுத் தேய்த்தால் இரும்பு மினுமினுப்பு வந்துவிடும். சீட்டில் பெல்ட் இல்லாமல் விடாதீர்கள். கிட்டில் இல்லை என்றால் மாஸ்கிங் டேப்பை ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி மங்கிய காக்கி அடித்து ஒட்டுங்கள். மூடிய கேனோபி வழியாகப் பார்க்கும்போது கண் முதலில் அந்தப் பெல்ட்டில்தான் நிற்கும்.

அஒதாகெ என்று ஒரு சொல் ஜப்பானிய மாடல் கையேடுகளில் அடிக்கடி வரும். இளம்பச்சை மூங்கில் என்று பொருள். அலுமினியம் துருப்பிடிக்காமல் இருக்க உள்பக்கங்களில் பூசிய நீலப்பச்சைத் தெளி வார்னிஷ் அது. தனி நிறமாக அடித்தால் எடுபடாது. முதலில் வெள்ளி அடித்துக் காயவிட்டு, அதன் மேல் தெளிபச்சையும் தெளிநீலமும் கலந்து மெல்லியதாக விடுங்கள். அடியிலிருக்கும் உலோகம் பச்சைக்குள்ளிருந்து மின்ன வேண்டும். எந்தெந்த இடத்தில் பூச வேண்டும் என்பதற்குக் கிட்டின் தாளைப் பாருங்கள்.

உடலை ஒட்டுவது

ஒட்டும் முன் ஒவ்வொரு இணைப்பையும் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். காக்பிட் தொட்டி உள்ளே உட்கார்ந்து, இரண்டு பாதி உடலும் இடைவெளியில்லாமல் மூடுகிறதா? இல்லையென்றால் ஏதோ ஒரு மூலையில் பெயின்ட் தடித்திருக்கும், சுரண்டிவிடுங்கள்.

மெல்லிய பசையைப் பாகத்தில் பூசி ஒட்டக் கூடாது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியைக் கோட்டில் தொட்டால் போதும். பசை தானாக ஓடிக் கோடு முழுக்கப் பரவும். ஒரு நிமிடம் கழித்து லேசாக அழுத்துங்கள், உருகிய பிளாஸ்டிக் மணி மணியாகப் பிதுங்கி வரும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் காய்ந்தபின் சீவித் தேய்த்தால் கோடு இருந்த சுவடே இருக்காது, பட்டியும் தேவைப்படாது. விரலைக் கோட்டின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டே பசை விட்டால் கைரேகை நிரந்தரமாகப் பதிவாகிவிடும். என் வீட்டில் அப்படி இரண்டு விமானங்கள் இருக்கின்றன.

இறக்கையும் உடலும் சேரும் வளைவில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே இடைவெளி வந்தால் பட்டியை அள்ளி அப்பாதீர்கள். இறக்கை நுனிகளை லேசாக மேல்நோக்கி இழுத்து டேப் போட்டுக் காயவிட்டால் பெரும்பாலும் இடைவெளி மூடிக்கொள்ளும். முன்னாலிருந்து பார்த்து இரு நுனியும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளவுகோலை வைத்துச் சரிபாருங்கள்.

கேனோபியை ஒட்டச் சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும். காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசை போதும். ஒட்டும் முன் ஒவ்வொரு கண்ணாடிக்கும் டேப் மறைப்பு வெட்டி ஒட்ட வேண்டும். ஜீரோவில் இது பொறுமையைச் சோதிக்கிற வேலை. முன்பே வெட்டிய மறைப்புத் தாள் விற்கிறார்கள், இந்த விமானத்துக்கு அதை வாங்குவது ஆடம்பரம் இல்லை. சட்டங்களுக்கு முதலில் காக்பிட் பச்சை அடியுங்கள், அதன் மேல் வெளிநிறம். உள்ளிருந்து பார்க்கும்போது சட்டம் பச்சையாகத் தெரியும்.

நிறம்

மாடல்காரர்கள் பல வருடங்களாகச் சண்டை போடும் இடம் இது. பழைய கிட்டுகள் ஆரம்பகால ஜீரோவை வெளிர் சாம்பல், ஏறக்குறைய வெள்ளை என்று காட்டின. சிதைந்த விமானங்களின் துண்டுகளை ஆராய்ந்தவர்கள் வேறு சொன்னார்கள்: சாம்பல்தான், ஆனால் ஆலிவ் பச்சைப் பக்கம் சாய்ந்தது, பளபளப்பானது. 1942 தொடக்கத்து ஜப்பானியக் கடற்படை ஆய்வறிக்கை ஒன்றும் அந்தச் சாம்பல் சற்றே ‘அமெ-இரோ’ பக்கம் சாய்ந்ததாகச் சொல்கிறது. அமெ என்பது மாவுச்சத்திலிருந்து காய்ச்சும் பாகு மிட்டாய். சாம்பலில் ஒரு கரண்டி பாகு கலந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு தமியா எக்ஸ்எஃப்-76. பழைய எக்ஸ்எஃப்-12 கொஞ்சம் நீலம் பாய்ந்த சாம்பல், இந்தக் காலத்து ஜீரோவுக்கு அது வேண்டாம். எக்ஸ்எஃப்-76-ஐ அப்படியே அடித்தால் 1/48 அளவில் சற்று அழுத்தமாகத் தெரியலாம், பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

முதலில் சாம்பல் நிறப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. பிரைமர் காய்ந்ததும் மாடலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மறைந்ததாக நினைத்த கீறல், இணைப்புக் கோடு எல்லாம் வெளியே வரும். திரும்பத் தேய்த்து, திரும்பப் பிரைமர்.

பெயின்ட் ஒரு பங்கு, அதற்குரிய தின்னர் ஒரு பங்கு. பால் மாதிரி கோப்பையின் ஓரத்தில் வழிந்தால் பதம் சரி. காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதல் பூச்சு மூடியும் மூடாமலும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று பூச்சில் முடியுங்கள். ஒரே பூச்சில் மூட நினைத்தால் பேனல் கோடுகள் அடைந்துபோகும்.

மழைக்காலத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. காற்றில் ஈரம் அதிகம் இருக்கும்போது லாக்கர் பெயின்ட்டோ வார்னிஷோ அடித்தால் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்துவிடும். பதறி அதன் மேல் தடிப்பாக அடிக்காதீர்கள். வெயில் வந்த பிறகு அதே வார்னிஷை நிறையத் தின்னர் கலந்து மெல்லியதாக ஒரு பூச்சு விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எஞ்சின் மூடி தனி நிறம். மிட்சுபிஷி ஜீரோக்களில் அது நீலம் கலந்த கருப்பு. பத்துப் பங்கு கருப்புக்கு ஒரு பங்கு கடல்நீலம் போதும். வெளிச்சத்தில் மட்டும் நீலம் தெரிய வேண்டும். உள்ளே இருப்பது நாகஜிமாவின் சகாயே எஞ்சின். சிலிண்டர்களுக்குக் கருப்பு, முன்னால் இருக்கும் கூட்டுக்குச் சாம்பல். காற்றாடியின் முன்பக்கம் அலுமினியம், நுனியில் இரண்டு சிவப்புக் கோடு, விமானி பார்க்கும் பின்பக்கம் கண் கூசாமல் இருக்கச் செம்பழுப்பு. சக்கரக் கால்களுக்குக் கருப்பு. இறக்கை முன்விளிம்பில் மஞ்சள் பட்டை போட்டுவிடாதீர்கள். அந்த அடையாளம் 1942-ன் பிற்பகுதியில்தான் வந்தது.

சிவப்பு வட்டத்துக்கு டீக்கால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் படம், இருந்தாலும் நான் பெயின்ட்டே அடிப்பேன். வட்டம் வெட்டும் காம்பஸ் கத்தியால் மாஸ்கிங் தாளில் வெட்டி, நடுவட்டத்தை எடுத்துவிட்டு, வளையத்தை இறக்கையில் ஒட்டுங்கள். விளிம்பில் முதலில் அடிநிறத்தையே ஒரு தடவை லேசாக விடுங்கள். டேப்புக்கு அடியில் கசிவதாக இருந்தால் அந்தச் சாம்பலே கசிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதன் மேல் சிவப்பு. பளிச்சென்ற சிவப்பாக இல்லாமல் ஒரு துளி பழுப்பு கலந்து கொஞ்சம் அடக்கமான சிவப்பு. பாதி காய்ந்ததும் டேப்பை உரித்தால் கத்தியால் வெட்டியது போல வட்டம் நிற்கும்.

டீக்கால்

வால் எண், கப்பல் பட்டை, இறக்கையில் மிதிக்கக் கூடாத இடத்தைக் காட்டும் சிவப்புக் கோடுகள், சக்கரக் கால் மூடியில் பாரம் காட்டும் வண்ணக் கோடுகள் இவையெல்லாம் டீக்கால். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால்தான் டீக்கால் ஒட்டும், அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும்.

வெதுவெதுப்பான நீரில் பதினைந்து வினாடி முக்கி எடுத்து, ஒரு நிமிடம் திசுத்தாளில் வையுங்கள். தாளிலிருந்து தானாக நகரும் வரை தள்ளக் கூடாது. இடத்தில் வைத்ததும் பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். பிறகு மென்மையாக்கும் திரவம் ஒரு துளி. டீக்கால் சுருங்கிச் சுருங்கி, பார்க்கவே பயமாக ஆகும். கை வைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் பேனல் கோட்டுக்குள் அமர்ந்துவிடும்.

அழுக்கு: கையைக் கட்டிக்கொள்ளும் இடம்

ஜப்பானிய விமானம் என்றாலே பெயின்ட் உரிந்து அலுமினியம் தெரிய வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. போரின் பிற்பகுதியில், பிரைமர் இல்லாமல் வெறும் உலோகத்தின் மேல் பச்சை அடித்த தரைப்படை விமானங்களுக்கு அது உண்மைதான். பசிபிக் தீவு ஓடுபாதைகளில் கிடந்த அவற்றின் படங்களைப் பார்த்தால் பாதிப் பச்சையே இருக்காது. ஆனால் 1942 ஏப்ரலில் கப்பலில் இருந்த ஜீரோ கடற்படையின் செல்லப்பிள்ளை. அடிப்பூச்சு ஒழுங்காகப் போட்டு மேலே பளபளப்பாகப் பூசிய விமானம். அதில் வெள்ளித் திட்டுகள் போட்டால் நாம் தேர்ந்தெடுத்த நாள் பொய்யாகிவிடும்.

ஆகவே பேனல் கோடுகளுக்கு அடர் சாம்பல் வாஷ், கருப்பு வேண்டாம். தூரிகை நுனியைக் கோட்டில் தொட்டால் தந்துகி விசையில் ஓடும். அரை மணி கழித்துப் பஞ்சுக் குச்சியால் காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். எஞ்சின் மூடிக்குப் பின்னால், புகைபோக்கிக்கு நேராகப் பழுப்புச் சாம்பலை மிகவும் நீர்த்து ஏர்பிரஷால் இரண்டு இழுப்பு. விமானி ஏறும் இடத்தில் கால் தேய்ந்த சுவடு. வயிற்றில் கொஞ்சம் எண்ணெய்க் கசிவு. அவ்வளவுதான். 330 லிட்டர் தொங்கு டாங்குக்கும் உடல் நிறமே.

கடைசி வார்னிஷ் பாதிப் பளபளப்பு. பளபளப்பே இல்லாத முழு மேட் அடித்தால் இந்த விமானத்தின் அழகே போய்விடும். அது ஒரு நாள் காயட்டும்.

காயும் நேரத்தில் ஒரு டாங்கி

அந்த ஒரு நாளில் 1/35 அளவு ஜப்பானிய டைப் 97 சி-ஹா டாங்கிப் பெட்டியைத் திறக்கலாம். விமானத்தில் அடக்கி வைத்த கைக்கு இதில் முழு விடுதலை. டைப் 97 என்பது அரச ஆண்டு 2597, அதாவது 1937. ‘சி’ நடுத்தர டாங்கியைக் குறிக்கும், ‘ஹா’ பழைய ஜப்பானிய இ-ரோ-ஹா எழுத்து வரிசையில் மூன்றாவது. நிஜத்தில் ஐந்தரை மீட்டர் நீளம், மாடலில் 16 சென்டிமீட்டர் கூட வராது. தமியாவின் கிட் 1975-ல் வந்தது, கட்டச் சுலபம். ஃபைன் மோல்ட்ஸ் நிறுவனத்தின் கிட் இன்னும் நுணுக்கமானது.

இதற்கும் ஒரு நாள் வேண்டும் அல்லவா? 1942 ஜனவரி 7, மலாயாவில் சிலிம் ஆறு. அன்று விடியும் முன் ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலை வழியாகவே பிரிட்டிஷ் இந்தியப் படைகளின் வரிசைகளைப் பிளந்துகொண்டு போயின. 1942 தொடக்கம் என்றால் பழைய உருமறைப்பு: காக்கி, பழுப்பு, பச்சைத் திட்டுகள், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மஞ்சள் கோடு. அந்த மஞ்சள் கோடு பிற்பாடு கைவிடப்பட்டது. திட்டுகளின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், ஆகவே இங்கே தூரிகைதான் நல்லது. இளம் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போங்கள், மஞ்சள் கடைசியில். மஞ்சள் ஒரே பூச்சில் மூடாது, அடியில் வெளிர் காக்கிக் கோடு ஒன்று போட்டுவிட்டு அதன் மேல் அடியுங்கள்.

கோபுரத்தைச் சுற்றித் தலைப்பாகை மாதிரி ஓடும் கம்பி ஆன்டெனா. ஜப்பானிலேயே அதைத் தலையில் கட்டும் துணியின் பெயரால் ஹாசிமாகி என்றுதான் சொல்வார்கள். மெல்லிய பாகம், அதைக் கடைசியாக ஒட்டுங்கள். முதலில் ஒட்டிவிட்டு டாங்கியைப் பிடித்துப் பெயின்ட் அடித்தால் நிச்சயம் உடையும். பழைய கிட்டின் ரப்பர் சங்கிலி விறைப்பாக நிற்கும். நிஜ இரும்புச் சங்கிலி மேல் உருளைகளுக்கிடையே தன் பாரத்தில் லேசாகத் தொங்கும். உள்பக்கம் சூப்பர் க்ளூ துளி வைத்து, பல்குச்சியால் கீழே அழுத்தி ஒட்டுங்கள்.

அழுக்குக்கு வருவோம். விளிம்புகளில் கீறல் போடப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் ஒரு துண்டைக் கிள்ளி, அடர்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றிவிட்டு, விளிம்பில் தட்டுங்கள். மலாயாவின் மண் சிவப்பு, நம் செம்மண் மாதிரி. செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்து, மேட் வார்னிஷில் குழைத்துச் சக்கரங்களுக்கு மேல் பூசலாம். காய்ந்தபின் ஈரமான இடத்துக்குக் கொஞ்சம் பளபளப்பு வார்னிஷ். சங்கிலியின் தரை தொடும் பற்களில் மட்டும் பென்சில் கரி. ஓடிய டாங்கியில் அந்த இடம் மண்ணோ துருவோ இல்லாமல் தேய்ந்து மின்னும்.

மறுநாள்

ஜீரோ காய்ந்திருக்கும். சக்கரங்கள், காற்றாடி, கேனோபியின் பின்பகுதியில் நிற்கும் ஆன்டெனாக் கம்பம் இவற்றை ஒட்டுங்கள். கம்பத்திலிருந்து வாலுக்கு ஒரு கம்பி ஓட வேண்டும். கடையில் மீள்நூல் கிடைக்கும், ஆனால் நான் ஸ்ப்ரூவையே இழுப்பேன். பத்து சென்டிமீட்டர் ஸ்ப்ரூத் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு ஒரு விரல் மேலே உருட்டிக்கொண்டே பிடியுங்கள். முதலில் பளபளக்கும், பிறகு நடுவில் தொய்யும். தொய்ந்த நொடியில் சுடரை விட்டு வெளியே எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையாலும் நிதானமாக விரியுங்கள். முடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும், சுடருக்குள்ளேயே இழுத்தால் பற்றிக்கொள்ளும். ஐந்து முயற்சியில் ஒன்று தேறும். இழையை வெள்ளைப் பசையால் இரு முனையிலும் ஒட்டி, அணைத்த ஊதுபத்தியின் சூட்டை அருகில் காட்டினால் விறைத்து நேராகும். மிக அருகில் காட்டினால் அறுந்துபோகும். இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது.

கடைசியாகக் கேனோபி மறைப்புகள். பிளேடால் நெம்பாதீர்கள், கண்ணாடியில் கீறல் விழும். பல்குச்சியைக் கூராக்கி ஒரு மூலையைத் தூக்கி, இடுக்கியால் பிடித்து, மேல்நோக்கி இழுக்காமல் பின்னோக்கி மடித்து உரியுங்கள். முதல் ஜன்னல் திறந்ததும் குனிந்து உள்ளே பாருங்கள். பச்சைச் சட்டத்துக்குப் பின்னால், சீட்டின் மேல், நீங்கள் மாஸ்கிங் டேப்பில் வெட்டிய அந்தப் பெல்ட் கிடக்கும்.